நாணயத்தின் கோளாறு அச்சில் விழுந்ததா, கைமாறும்போது நேர்ந்ததா?

நீங்கள் மூன்று நாணயங்களின் படங்களை வைத்து, இவை ‘மிஸ்பிரிண்ட்’ நாணயங்கள்தானா, என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, திருப்பூரில் நீங்கள் வேலை பார்க்கும் வாஷிங் யூனிட்டில் டிரையரின் டிரம்மைப் பழுதுபார்க்கக் கழற்றியபோது கிடைத்த 2 ரூபாய். விளிம்பு தடித்து, விட்டம் சுருங்கியிருக்கிறது. இரண்டாவது, ஈரோடு பேருந்து நிலையத்தில் சில்லறையாக வந்த 10 ரூபாய். நடுவட்டம் மட்டும் திரும்பிச் சிங்கங்கள் சாய்ந்து நிற்கின்றன. மூன்றாவது, கோவையில் ஒரு வியாபாரியிடம் 1,500 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கிய, இரு பக்கமும் சிங்கத்தூண் உள்ள 5 ரூபாய்; “மிண்ட்டுல இருந்தே இப்படித்தானுங்க வந்துது” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விலையைக் கேட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அதற்கு முந்தைய ஒன்று என்று நினைக்கிறேன். ஒரு நாணயத்தில் தெரியும் கோளாறு நாணயச்சாலையிலேயே நேர்ந்ததா, அங்கிருந்து முழுமையாக வெளியே வந்தபின் யாரோ செய்ததா, அல்லது தானாக அடிபட்டதா என்பதைக் கையில் இருப்பவரே எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் இந்தப் பதில்.

கோவையில் பிரஸ் டூல் செய்யும் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். தகட்டை வெட்டுவதும், வெட்டிய வில்லையை அச்சுக்குள் வைத்து அழுத்தி உருவம் எழுப்புவதும் என் தொழில். நாணயம் சேர்ப்பது அந்தத் தொழிலை ஒட்டி வந்த ஈடுபாடு. நாணயச்சாலைக்குள் பணியாற்றியவன் அல்லன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆகவே அழுத்தத்தின்கீழ் உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஒரு குறிப்பிட்ட நாணயம் எந்தக் கையைத் தாண்டி எப்படி வெளியே வந்தது என்பதைப் பற்றிப் பேச முடியாது. எந்த நாணயத்தை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோளாறு நாணயம் உருவாகும் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும்? அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால் மேற்கொண்டு ஆராயலாம். முடியவில்லை என்றால், பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அது வெளியே வந்தபின் நேர்ந்ததே.

கட்டங்கள் அதிகம் இல்லை. உலோகச் சுருளை உருளைகளுக்கு இடையே செலுத்தித் தேவையான கனத்துக்கு மெலிதாக்கி, அதிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். எஃகு வில்லைகளை வெட்டும் வசதி நமக்குப் பக்கத்தில் சேலம் உருக்காலையிலேயே இருக்கிறது. வில்லைகளைச் சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, அவற்றின் ஓரத்தை ஓர் எந்திரத்தில் உருட்டி நெருக்கி, விளிம்பு சற்றே மேடாக எழும்படி செய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வில்லையும் ஒரு வளையத்துக்குள் உட்கார, மேலும் கீழும் இரண்டு அச்சுகள் பல டன் அழுத்தத்தில் அதை நெருக்குகின்றன. உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் புகுந்து உருவமாக எழுகிறது. பக்கவாட்டில் பரவ முயல்வதை வளையம் தடுத்து நிறுத்துகிறது. உருவமும் விளிம்பும் ஓரமும் அந்த ஒரே கணத்தில் ஒன்றாகப் பிறக்கின்றன. இதிலிருந்து பிறக்கும் வேறுபாடு எளிமையானது. நாணயச்சாலைப் பிழையில், குறைந்திருக்கும் உருவம் அங்கே முதலிலிருந்தே எழவில்லை. வெளிச்சேதத்தில், உருவம் முழுமையாக எழுந்து, பிறகு நசுங்கியோ நகர்ந்தோ தேய்ந்தோ போயிருக்கிறது. எழாத உருவத்துக்கும் எழுந்து அழிந்த உருவத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் ஒரு சிறு லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் 2 ரூபாய்க்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 2011இல் வந்த வடிவத்தின் 2 ரூபாய் 25 மில்லிமீட்டர் விட்டமும் 4.85 கிராம் எடையும் உடையது. உங்களுடையது 23 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல், எடை 4.8 கிராம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். அளந்ததற்கு நன்றி, அந்த இரண்டு எண்களே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. சிறிய வில்லையில் தவறுதலாக அச்சடித்திருந்தால் விட்டத்தோடு எடையும் குறைந்திருக்க வேண்டும். எழுத்துகள் ஓரத்தில் வெட்டுண்டு பாதியாக நிற்க வேண்டும். இதில் விட்டம் குறைந்தும் எடை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. உலோகம் எங்கும் போகவில்லை, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குவிந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு ஒரு சுருண்ட உதடுபோல உட்புறம் கவிந்து, ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகளின் வெளிப்புற நுனிகளை மூடியிருப்பது தெரிகிறது. மூடிய உதட்டுக்கு அடியில் எழுத்துகள் முழுமையாக இருக்கும். நடுவிலுள்ள சிங்கத்தூணோ சற்றும் கெடாமல் கூர்மையாக இருக்கிறது. யார் பையிலிருந்தோ விழுந்த நாணயம் டிரம்முக்கும் அதன் வெளிக்கூட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் சிக்கி, மாதக்கணக்கில் ஓரத்தாலேயே உருண்டு உருண்டு அடிபட்டால் இப்படித்தான் ஆகும். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இத்தகையதை ‘டிரையர் நாணயம்’ என்றே அழைக்கிறார்கள். திருப்பூர்ப் பகுதியில் டிரையர்கள் ஓடும் எண்ணிக்கைக்கு இவை அங்கே அடிக்கடி கிடைப்பதில் வியப்பில்லை. இதில் எனக்கு ஐயம் இல்லை. இது நாணயச்சாலைப் பிழை அன்று.

10 ரூபாய் இன்னும் சுவையான நாணயம், ஏனென்றால் அது இரண்டு துண்டுகளால் ஆனது. வெளிவளையமும் நடுவட்டமும் தனித்தனி உலோகங்கள். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அச்சுகளுக்கு இடையே தள்ளுகிறார்கள். உருவத்தை எழுப்பும் அதே அழுத்தம்தான் இரண்டையும் இறுகக் கோத்து இணைக்கிறது. அதாவது, வளையத்தின் மேலுள்ள எழுத்தும் நடுவட்டத்தின் மேலுள்ள சிங்கமும் ஒரே அச்சால், ஒரே அடியில் விழுந்தவை. அப்படியானால் வளையத்தின் எழுத்து நேராகவும் நடுவட்டத்தின் சிங்கம் சாய்ந்தும் இருப்பது அச்சடிக்கும் கணத்தில் எப்படி நேரும்? நேராது. அச்சே திரும்பியிருந்தால் எழுத்தும் சிங்கமும் சேர்ந்தே திரும்பியிருக்கும். நடுவட்டம் மட்டும் தனியாகத் திரும்பியிருக்கிறது என்றால், இணைந்த பிறகு யாரோ அதை அழுத்திக் கழற்றி மறுபடி பொருத்தியிருக்கிறார்கள், அல்லது வலுவான அடியில் அது தளர்ந்து சுழன்றிருக்கிறது. நடுவட்டம் தலைகீழாகப் புரட்டிப் பொருத்தப்பட்ட 10 ரூபாய்களையும் சிலர் பெரிய அபூர்வம் என்று விற்கிறார்கள். அவற்றுக்கும் இதே விடைதான்.

இரட்டை உலோக நாணயத்தில் உண்மையான பிழையே இல்லையா என்றால், உண்டு. வளையத்தின் துளை மையம் விலகி வெட்டப்பட்டிருக்கலாம். நடுவட்டம் துளையில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் ஏறி நின்றபோதே அச்சு இறங்கியிருக்கலாம். நடுவட்டமே இல்லாமல் வளையம் மட்டும் அச்சடிக்கப்பட்டிருக்கலாம். இவற்றை அறியும் வழி இதுதான்: உருவம் தன் இடத்தில் நிற்க, அதன் அடியிலுள்ள உலோகம் மட்டும் இடம் மாறியிருந்தால் அது நாணயச்சாலையில் நேர்ந்தது. சிங்கத்தின் ஒரு பகுதி வெள்ளை உலோகத்திலும் மறு பகுதி மஞ்சள் உலோகத்திலும் தொடர்ச்சி அறாமல் ஓடும். உலோகத்தோடு உருவமும் சேர்ந்து நகர்ந்திருந்தால் அது வெளியே நேர்ந்தது. நடுவட்டம் இல்லாத வளையத்தில் துளையின் உட்சுவரைப் பாருங்கள். வெறும் வளையமாக அடிவாங்கியிருந்தால், தடுப்பார் இல்லாமல் உலோகம் துளைக்குள் பிதுங்கி, துளையின் ஓரம் ஒழுங்கற்றுச் சரிந்திருக்கும். பின்னர் நடுவட்டத்தைத் தட்டி எடுத்திருந்தால், இரண்டும் கோத்திருந்த தடம் உட்சுவரில் சீராகச் சுற்றி நிற்கும்.

மூன்றாவது நாணயத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் தலை என்பதால் அதில் மதிப்பும் இல்லை, ஆண்டும் இல்லை. 2011 வரிசையில் இரண்டும் மறுபக்கத்தில்தான் இருக்கின்றன. இப்படி ஒன்று நாணயச்சாலையில் பிறக்க வேண்டுமானால், மேலும் கீழும் ஒரே முகத்தின் அச்சைப் பொருத்தியிருக்க வேண்டும், முதல் மாதிரிகளைச் சோதிப்பவர் கண்ணில் அது படாமல் போயிருக்க வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். சேரக்கூடாத இரண்டு அச்சுகள் சேர்ந்த உண்மையான நாணயங்கள் உலகில் உண்டு. பிரிட்டனில் 2008இல் 20 பென்ஸ் நாணயத்தின் வடிவத்தை மாற்றியபோது, ஆண்டு பொறிக்கும் இடத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். புதிய வடிவத்தின் ஒரு பக்க அச்சோடு பழைய வடிவத்தின் மறுபக்க அச்சு சேர்ந்துவிட்டதால், எந்தப் பக்கத்திலும் ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளியே வந்தன. அந்நாட்டு நாணயச்சாலையே அதை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 2000இல் ஒரு டாலர் வில்லையில் கால் டாலரின் முகம் விழுந்த நாணயங்களும் இப்படிப்பட்டவையே. ஆனால் இத்தகைய உண்மை ஒவ்வொன்றுக்கும் எதிரே பட்டறையில் செய்தவை மிகப் பல. நம் ஊரில் அதற்கான கருவிக்குப் பஞ்சமே இல்லை.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். தெரிந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு நாணயத்தை லேத் என்ற கடைசல் எந்திரத்தில் பிடித்து, ஒரு பக்கத்தின் விளிம்பை மட்டும் விட்டுவிட்டு உட்புறத்தைக் கிண்ணம்போலக் குடைந்துவிடுகிறார்கள். இன்னொரு நாணயத்தின் விளிம்பையும் பின்பக்கத்தையும் கடைந்தெறிந்து, முகம் மட்டும் உள்ள மெல்லிய தகடாக்குகிறார்கள். இந்தத் தகட்டை அந்தக் கிண்ணத்துக்குள் பசை வைத்து அழுத்தினால் இருதலை நாணயம் தயார். திறமையான கடைசல்காரர் செய்தால் இணைப்பு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அந்த இணைப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் ஒளிந்திருக்கும்: விளிம்பின் உட்சுவர் சமதளத்தைத் தொடும் மூலையில். லென்ஸை வைத்து, விளக்கொளி பக்கவாட்டில் படும்படி நாணயத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே அந்த மூலையைச் சுற்றிவர வேண்டும். உண்மையான நாணயத்தில் விளிம்பும் தளமும் ஒரே உலோகமாக, சிறு வளைவோடு கலக்கும். செய்ததில் மயிரிழைபோன்ற ஒரு கருங்கோடு சுற்றிலும் ஓடும், அழுக்கு அதில் தங்கியிருக்கும். இது இரண்டு பக்கங்களில் ஒன்றில் மட்டுமே இருக்கும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். அடுத்தது எடை. மஞ்சள் நிறத்தில் வரும் இந்த 5 ரூபாய் 6 கிராம், உங்களுடையது 5.4 கிராம் என்கிறீர்கள். புழக்கத்தில் தேய்ந்து பத்தில் ஒரு பங்கு எடை போவதென்றால் முகங்கள் வழவழவென்று ஆகியிருக்க வேண்டும். படத்தில் சிங்கத்தின் பிடரி கூர்மையாகத் தெரிகிறது. கருங்கல் தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டு ஒலியைக் கேட்கும் பழைய முறையும் உதவும், ஒட்டிய நாணயம் மொத்தென்று விழும். ஆனால் ஒலியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உலோகத்துக்குள் விரிசலோ படலமோ உள்ள நல்ல நாணயமும் மங்கலாக ஒலிக்கும், இரட்டை உலோக நாணயத்தின் ஒலி இயல்பிலேயே தாழ்ந்தது. எடையை வைத்துப் பார்க்கையில் உங்கள் மூன்றாவது நாணயம் கடைந்து ஒட்டியது என்பதே என் கருத்து. இணைப்புக் கோட்டை நானே பார்க்காதவரை அதைக் கருத்து என்றுதான் சொல்வேன், முடிவு என்று சொல்ல மாட்டேன்.

உண்மையான பிழைகள் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே போலி என்று தோன்றிவிடும். சேகரிப்பாளர் கையில் அதிகம் வருவது ஓரம் கடிபட்ட நாணயம். பூரிக்குத் தேய்த்த மாவில் டம்ளரால் வட்டம் வெட்டும்போது, முன்பு வெட்டிய இடத்தின் மேல் சற்று ஏறி வைத்துவிட்டால் பிறை கடித்த வட்டம் கிடைக்குமல்லவா, அதுவேதான் தகட்டுச் சுருள் சரியாக நகராதபோது நடக்கிறது. அந்தக் கடியின் வளைவு வில்லையின் வளைவோடு பொருந்த வேண்டும். அதைவிட நம்பத்தக்க சான்று கடிக்கு நேர் எதிரே இருக்கிறது. விளிம்பை எழுப்பும் எந்திரம் வில்லையை இரு எதிர்ப் பக்கங்களிலும் ஒரே நேரத்தில் நெருக்குகிறது. ஒரு பக்கத்தில் உலோகமே இல்லாத இடம் வரும்போது எதிர்ப் பக்கத்திலும் நெருக்கம் கிடைக்காது. ஆகவே அங்கே விளிம்பு மங்கி, தாழ்ந்து காணப்படும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். கத்தரியாலோ அரத்தாலோ பின்னர் வெட்டியவனால் எதிர்ப் பக்கத்து விளிம்பை மங்கச் செய்ய முடியாது. மேலும், உண்மையான கடியை ஒட்டியுள்ள எழுத்துகள் அதை நோக்கிச் சற்றே இழுபட்டு மெலிந்திருக்கும், ஏனென்றால் அழுத்தம் விழும்போது அங்கே உலோகம் பரவ இடம் இருந்தது. பின்னர் வெட்டியதில் எழுத்து முழுக் கனத்தோடு வந்து திடீரென்று அறுபடும். ஆனால் கடி மிகச் சிறியதாக இருந்தால் பிளேக்ஸ்லி விளைவு தெரியாமலும் போகலாம். இருந்தால் வலுவான சான்று. இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

வில்லை தன்னைச் சுற்றியுள்ள தடுப்பு வளையத்துக்குள் சரியாக உட்காராமல் அடிவாங்கினால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பிறைவடிவில் வெறுமையாக இருக்கும். வளையம் தடுக்காததால் நாணயம் முழு வட்டமாக இராது, ஓரத்தில் வரிகள் இருக்க வேண்டிய நாணயமாயின் அவையும் முழுமையாக இரா. எடை மட்டும் குறையாது. உருவம் மையத்திலேயே விழுந்து, வளையம் மட்டும் இல்லாமல் போனால் நாணயம் அகன்று விரியும். அங்கேயும் எடை அப்படியே இருக்கும். சுத்தியலால் தட்டி அகலமாக்கிய நாணயமும் எடையில் மாறாது, ஆனால் அதில் எழுத்துகளின் மேற்பரப்பு நசுங்கித் தட்டையாகி, பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும். ரயில் தண்டவாளத்தில் வைத்த நாணயத்தைச் சிறுவயதில் பார்த்த எவருக்கும் இந்த வேறுபாடு சட்டென்று புரியும். ஒரு முகத்தில் உருவம் எதிர்மறையாகக் குழிந்து விழுந்திருக்கும் நாணயங்களை வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்பு அடித்த நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் அது உண்மை. இரண்டு நாணயங்களை வைஸ் என்ற பிடிகருவியில் வைத்து நெருக்கினாலும் அதைப்போன்ற குழிவு கிடைக்கும்; ஆனால் குழிவுக்கு அடியில் அந்த முகத்தின் பழைய உருவம் ஆவிபோல மிஞ்சியிருக்கும், மறுமுகமும் நசுங்கியிருக்கும்.

கோடுகளைப் பற்றி ஒரு பொதுவிதி உண்டு. அச்சில் விழுந்த விரிசல் பள்ளம். அது நாணயத்தில் மேடாக எழும். நாணயத்தில் பின்னர் விழுந்த கீறல் பள்ளமாகவே இருக்கும். எழுத்தின் மேலும் தளத்தின் மேலும் தடையின்றி ஓடும் மெல்லிய மேட்டுக்கோடு அச்சு விரிசல் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். ஓர் அச்சு இலட்சக்கணக்கில் நாணயங்களை அடிப்பதால், அதே ஆண்டு, அதே நாணயச்சாலை நாணயத்தில் அதே இடத்தில் அதே கோட்டை இன்னொருவரும் காட்டினால் ஐயத்துக்கே இடமில்லை. இந்த விதிக்கும் விலக்கு உண்டு: நூலோ கம்பித்துகளோ அச்சுக்கும் வில்லைக்கும் நடுவில் சிக்கி அடிபட்டால் பள்ளமான கோடு விழும், அது நாணயச்சாலைப் பிழையே. அச்சில் மசகு அடைத்து ஒரு எழுத்தோ ஆண்டின் ஓர் இலக்கமோ எழாமல் போவதும் உண்டு. அந்த இடம் சுற்றியுள்ள தளத்தைப் போலவே இயல்பாக இருக்கும். அரத்தால் தேய்த்து நீக்கியதில் மெல்லிய இணைகோடுகள் லென்ஸில் தெரியும். எழுத்துகள் இரட்டையாகத் தெரியும் நாணயங்களில்தான் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கே தயக்கம். அச்சே இரட்டையாகச் செதுக்குண்டிருந்தால் இரண்டாம் உருவமும் முழு உயரத்தோடு உருண்டு நிற்கும். அழுத்தும்போது அச்சு சற்று அதிர்ந்ததால் வரும் இரட்டிப்பு, எழுத்தின் ஓரத்தைத் தட்டையாகச் சீவியதுபோல ஒரு படியாக இருக்கும். இரண்டாவது மிகப் பரவலானது, அதற்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதில்லை.

நிறம் மாறியவற்றை நான் ஏறத்தாழ எப்போதும் ஐயத்தோடுதான் அணுகுவேன். எஃகு நாணயத்தைச் சூடாக்கினால் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று மாறும். முலாம் பூசும் கடையில் செம்பு நிறமோ பொன்னிறமோ ஏற்றிவிடலாம். காந்தம் ஒட்டுகிறதா, எடை எவ்வளவு என்ற இரண்டும் முலாமைக் கடந்து உள்ளிருக்கும் உலோகத்தைச் சொல்லும். அமிலத்தில் ஊறிய நாணயம் எல்லாப் பக்கமும் சீராக மெலிந்து, எழுத்துகள் கரைந்து, எடை குறைந்திருக்கும். வேறு மதிப்பின் வில்லையில் அச்சடித்தது என்று சொல்பவரிடம், எந்த மதிப்பின் வில்லை என்று கேளுங்கள். அந்த நாணயத்தின் எடையோடு இது பொருந்த வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2011 வரிசையின் 2 ரூபாய்க்கும் அதற்கு முந்தைய எஃகு 1 ரூபாய்க்கும் விட்டமும் எடையும் ஒன்றே. 2011 வரிசையின் 1 ரூபாயும் பழைய எஃகு 50 பைசாவும் அதேபோல 3.79 கிராம். எனவே அந்த இணைகளில் வில்லை மாறியது என்று யார் சொன்னாலும் நிரூபிக்க வழி இல்லை.

பிழையும் இல்லாமல் சேதமும் இல்லாமல், அறியாமையால் அபூர்வமாகக் காட்டப்படுபவையும் பல. ஆண்டின் கீழுள்ள வைரக்குறி மும்பையையும், நட்சத்திரம் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும்; குறியே இல்லாதது கொல்கத்தா. ஆகவே ‘குறி விடுபட்ட நாணயம்’ என்று ஒன்று தனியாக இல்லை. 1985ஆம் ஆண்டு 1 ரூபாயில் ஆண்டின் கீழ் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் நம் அரசுக்காக அடித்தது. 1999, 2000 ஆண்டுகளின் சில 5 ரூபாய்கள் மாஸ்கோவில் அடித்தவை. காந்தத்தில் ஒட்டும் 5 ரூபாயும் பிழை அன்று, 2007 முதல் சில ஆண்டுகள் அதை எஃகிலேயே வெளியிட்டார்கள். 10 ரூபாயில் கதிர்கள் பத்தா பதினைந்தா என்ற குழப்பத்தில் நம் பக்கத்துக் கடைகள் பல அதை வாங்கவே மறுத்தன. அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது.

பழங்காசுகளுக்கு இந்த அளவுகோல் எதுவும் அப்படியே பொருந்தாது என்பதைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும், ஏனென்றால் கொங்குப் பகுதியில் பழங்காசு கையில் வருவது அரிதன்று. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்தவையும், மைசூர் ஆட்சிக்காலத்தில் இங்கே புழங்கிய திப்புவின் யானைக்காசும் கையால் அடித்தவை. வில்லையைவிட அச்சு பெரிதாக இருந்ததால் யானையின் துதிக்கையோ வாலோ வெளியே போயிருப்பது அங்கே இயல்பு. அதைப் பிழை என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்க வேண்டாம். பின்னர் செய்த மாற்றமெல்லாம் மதிப்பற்றது என்றும் கொள்ள வேண்டாம். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தடம் இருக்கிறது. அந்த வெட்டு நாணயச்சாலையில் நேர்ந்தது அன்று. ஆயினும் அக்காசுகள் இந்நாட்டில் எவ்வாறு கையாளப்பட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

விலையைப் பற்றி நான் எண் எதுவும் சொல்லப்போவதில்லை. பிழை நாணயத்துக்கு நிலையான விலை கிடையாது, அறிந்து வாங்குவோர் இருவர் ஒரே நேரத்தில் விரும்பினால்தான் அது உயரும். இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணமோ வரியோ கட்டுங்கள் என்று தொலைபேசியில் யார் கேட்டாலும் உடனே துண்டித்துவிடுங்கள். தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திப் பழைய நாணயம் வாங்குவதாக ஏமாற்றுவோர் குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. நாணயத்தைப் புளியோ எலுமிச்சையோ போட்டு விளக்காதீர்கள்; உண்மையான பிழையாக இருந்தாலும் மேற்பரப்பு கெட்டால் பாதி மதிப்பு போய்விடும், ஆராய்பவருக்கு உதவும் தடங்களும் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வெட்டவும் வேண்டாம். நாணயத்தை அழிப்பது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம். பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் விட்டம் அளக்கும் வெர்னியரும், நகைக்கடையில் மில்லிகிராம் வரை காட்டும் தராசும் இரவல் கேட்டால் கிடைக்கும். லென்ஸ் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது 5 ரூபாய்க்காக நீங்கள் செய்ய வேண்டியது இது. அதை நகைக்கடைத் தராசில் ஒருமுறை, புழக்கத்தில் உள்ள அதே வடிவத்து நல்ல 5 ரூபாய் ஒன்றை அதே தராசில் ஒருமுறை நிறுத்து இரண்டு எடைகளையும் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே நிறுத்தி வைத்து ஓரத்தின் கனம் தெரியும்படி ஒரு படமும், இரு முகங்களிலும் விளிம்பின் உள்மூலை தெரியும்படி, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, கால் கால் வட்டமாக எடுத்த படங்களும் வேண்டும். நாணயத்தை இடவலமாகப் புத்தகத்தாள்போலப் புரட்டும்போது பின்பக்கச் சிங்கம் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதையும் பாருங்கள்; ஒட்டியவர் அதைச் சரியாக நேர்படுத்தத் தவறியிருந்தால் சில பாகை சாய்வு மிஞ்சியிருக்கும். விற்றவரிடம் பேசுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். இணைப்புக் கோடு படத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அந்தப் படத்தைக் காட்டியே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.